இரண்டாம் பக்கத்துக் கொய்யா மரம்

நான் முப்பத்தைந்து வருடம் டைப் அடித்த வக்கீல் ஆபீசுக்குப் போன மாதம் கம்ப்யூட்டர் வந்தது. ரிப்பன் வெட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற டைப்பிஸ்டையே கூப்பிட்டு, டைப்ரைட்டருக்கு எமனாக வந்ததைத் திறந்து வைக்கச் சொல்லும் குசும்பு திண்டுக்கல்காரர்களுக்குத்தான் வரும். நானும் விடவில்லை, போய் வெட்டிவிட்டு இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டேன்.

அங்கே ஜூனியர் வக்கீலாக இருக்கும் செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இனிமே பக்கம் மாறுறது, அழிச்சு அடிக்கிறது எதுவும் கெடையாது டைப்பிஸ்டம்மா" என்று பெருமை பேசினாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "ஒரு பார்ட்டி மூணு வருஷத்துக்கு வீடு பேசிட்டு, எட்டாவது மாசமே காலி பண்ணணும்னு நிக்கிறாரு. வீட்டுக்காரர் விட மாட்டேங்கறாரு. கெடுவுக்கு முந்திப் போக என்னென்ன கிரவுண்டு இருக்குன்னு தேடித் தேடி கண்ணு பூத்துப்போச்சு."

எனக்குக் கேசரி புரையேறிவிட்டது. சிரிப்பு அடங்கியதும், "எனக்கு ஒரு கிரவுண்டு தெரியும். கொய்யாக்காய்" என்றேன். வயதாகிவிட்டது, பாவம் என்று முதலில் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் புரையேறியது. எழுதித் தந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எழுதுகிறேன். இதில் அசடு வழிகிற முதல் ஆள் நான்தான் என்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நான் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்து, தமிழிலும் அடிக்கப் பழகி, ஐம்பதுகளின் பின்பாதியில் வக்கீல் அருளானந்தம் ஐயாவிடம் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. வக்கீல் ஆபீசில் பெண்பிள்ளை டைப்பிஸ்டா என்று கட்சிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு மாதம் பார்த்தார்கள், அப்புறம் அலுத்துவிட்டது.

ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்து டிக்டேஷன் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பார். ஜன்னல் பக்கம் போகும்போது சொல்வது காதில் விழாது, பீரோ பக்கம் வரும்போது அதையே திரும்பச் சொல்வார். பொடியனாக இருந்தாலும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். கோபமே வராது. கோபம் வர வேண்டிய இடத்தில் அவர் தண்ணீர் குடிப்பார். எழுத்துப் பிழை என்றால் ஒரு டம்ளர், தேதிப் பிழை என்றால் இரண்டு டம்ளர். தண்ணீர்ப் பானை என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. என் பிழைக்கு நானே மொண்டு கொடுக்க வேண்டும். திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

பத்திரம் எழுதுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. எந்தக் குத்தகையானாலும் வாடகையானாலும் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் யார், யாருக்கு, எத்தனை வருடம். இரண்டாம் பக்கத்தில் நிபந்தனைகள் மட்டும். மூன்றாம் பக்கத்தில் நாலு எல்லை, கையெழுத்து, சாட்சி. வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்றெல்லாம் எழுத மாட்டார். எல்லாப் பத்திரத்திலும் ஒன்றாம் பார்ட்டி, இரண்டாம் பார்ட்டிதான். சுத்தப் பிரதி அடித்து முடித்ததும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் வரைவை வாசிக்க, இன்னொருவர் சுத்தப் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே போவது. அதன் பிறகு ஊசியால் குத்தி நூல் போட்டுக் கட்டுவது. கடைசியில் பார்ட்டிகள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போடுவது.

ஒருநாள் இரண்டு பத்திரங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. ஒன்று, ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்புக் குத்தகை. இன்னொன்று, எங்கள் ஊரில் ஒரு மாடி வீட்டு வாடகை. இரண்டுக்கும் மூன்று வருடக் கெடு. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு கூடை கொய்யா கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் இரண்டு பத்திரத்தையும் ஒத்துப் பார்த்து முடித்து, பெஞ்சின் மேல் பரப்பிவிட்டு, ஒரு கொய்யாவைக் கடித்தேன். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக ஒரு காற்று அடித்தது. ஆறு பக்கமும் தரையில் கிடந்தன. ஒரு கையில் கொய்யா, மறு கையால் பொறுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. நம்பர் சரியாக இருந்தது, நூல் போட்டுக் கட்டினேன். திரும்ப ஒருமுறை ஒத்துப் பார்த்திருக்க வேண்டும். கொய்யா ருசியாக இருந்தது, அதுதான் உண்மை.

பார்ட்டிகள் வந்தார்கள், படிக்காமல் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள், பதிவும் ஆயிற்று. இப்படியாக, தோப்பின் நிபந்தனைகள் மாடி வீட்டுக்கும், மாடி வீட்டின் நிபந்தனைகள் தோப்புக்கும் குடிபோயின.

தோப்புக்காரரால் ஒரு தொந்தரவும் இல்லை. நாலைந்து மாதம் கழித்து ஒருநாள், ஐயா கோர்ட்டுக்குப் போயிருந்த நேரம், அவர் வந்து பவ்யமாக நின்றார். "ஏனுங்க, வருசம் ஒருக்கா வெள்ளையடிக்கோணும்னு பத்திரத்துல போட்டிருக்குதுங்களே, அத்தனை மரத்துக்கும் அடிச்சுப்போட்டனுங்க. ஆணி மட்டும் அடிக்கக் கூடாதுன்னு இருக்குதுங்க. ஆடு கட்ட மொளைக்குச்சி அடிச்சாத் தப்புங்களா?" என்று கேட்டார். மரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம்தானே என்று நினைத்து, "மொளைக்குச்சி ஆணி ஆகாதுங்க, தாராளமா அடிங்க" என்று சட்ட ஆலோசனை வழங்கி அனுப்பிவிட்டேன். என் புத்தி அன்று எங்கே மேயப் போயிருந்ததோ.

மாடி வீட்டுக் கதைதான் வில்லங்கம். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் வேலாயுதம், ஓய்வு பெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர். வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராகப் போய் எந்த வயலில் என்ன பயிர், எத்தனை மரம் என்று பார்த்துப் பார்த்து எழுதியவர். மாடிக்கு வந்தவர்கள் தோல் மண்டி வியாபாரி அப்துல் கரீமும் அவர் மனைவி கதீஜாவும். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கரீம் வாரத்தில் நாலு நாள் தோல் வாங்க வெளியூர் போய்விடுவார்.

வேலாயுதம் எந்தக் காகிதத்தையும் சாவகாசமாகப் படிக்கிறவர். பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தார். 'மேற்படி இடத்திலுள்ள கொய்யா மரங்களையும் காய்ப்பையும் ஒன்றாம் பார்ட்டி எந்த நேரத்திலும் உள்ளே வந்து பார்வையிட்டுக்கொள்ளலாம், அதற்கு இரண்டாம் பார்ட்டி தடையேதும் செய்யக் கூடாது' என்று இருந்தது. அவர் வீட்டு முற்றத்தில் உண்மையாகவே ஒரு கொய்யா மரம் நின்றது. அதன் கிளைகள் எல்லாம் மேலே மாடித் தாழ்வாரத்துக்குள்தான் வந்து காய்த்தன. வக்கீல் எவ்வளவு முன்யோசனையோடு எழுதியிருக்கிறார் என்று மனிதர் பூரித்துப்போனார். மறுநாள் காலை ஆறரை மணிக்குக் குடையும் நோட்டுமாக மாடியேறிவிட்டார்.

அப்புறம் தினமும் அதே கதை. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை. கதவைத் தட்டுவது கிடையாது. தடை செய்யக் கூடாது என்று இருக்கிறதே என்று, ஆசாரியைக் கூட்டிவந்து மாடிக் கதவின் உள்தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். பூட்டுக்குப் பேர்போன ஊரில், உள்ளே இருக்கிற ஒரு பெண்ணுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள வழியில்லை.

அந்தத் தம்பதி ஆபீசுக்கு வந்தது அவர்கள் குடியேறிய எட்டாவது மாதம். கதீஜாவுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். சின்ன உருவம், பெரிய வாய். கரீம் பேச ஆரம்பிப்பதற்குள் அவளே கொட்டித் தீர்த்தாள்.

"குளிச்சிட்டுத் தலை ஆத்த முடியல. செத்த நேரம் கால நீட்டிப் படுக்க முடியல. எப்ப வருவாரோன்னு முக்காட்டைப் போட்டுக்கிட்டே வீட்ல நடமாடுறேன். வாராரு, காய எண்ணுறாரு, நோட்டுல எழுதுறாரு, அடுப்படிய எட்டிப் பாத்து இன்னைக்கு என்ன வெஞ்சனம்னு கேக்குறாரு. நேத்து வந்து, ரெண்டு காய கிளி கொத்திருக்கு, நீ ஏன் வெரட்டலைன்னு என்னையத் திட்டுறாரு! நா என்ன கிளி வெரட்டவா நிக்கா பண்ணி வந்தேன்?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சூட்டிலேயே கண் கலங்கியது. "எம்பிள்ள பொறக்குறப்போ கதவுக்கு உள்தாப்பா இருக்கணும். அம்புட்டுத்தான் ஐயா நா கேக்குறது" என்றாள். பேகம்பூரில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். பழைய வீட்டோடு வழக்கு வம்பு இல்லை என்று காட்டினால்தான் தருவேன், அதுவும் நோன்புப் பெருநாள் வரைதான் காத்திருப்பேன் என்று அந்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பெருநாளுக்கு மூன்று மாதம் இருந்தது.

ஐயா நடக்க ஆரம்பித்தார். "கெடுவுக்கு முந்திப் போக சட்டத்துல வழி இருக்குங்க. வெளிய தெரியாத பெரிய குறை வீட்ல இருந்து, தெரிஞ்சே வீட்டுக்காரர் மறைச்சிருந்தா ஒரு காரணம். இருக்குதா?"

"இல்லீங்க. வீடு கல்லு மாதிரி இருக்கு" என்றார் கரீம்.

"தீ, வெள்ளம், பூகம்பம்னு வந்து வீடு குடியிருக்க லாயக்கில்லாமப் போனா அது ஒரு காரணம்."

கரீம் உண்மையாகவே யோசித்தார். "பூகம்பத்துக்கு நா எங்கங்க போறது?"

"நிம்மதியா அனுபவிக்க விடாம வீட்டுக்காரரே தொந்தரவு பண்ணா, அதுவும் காரணம்தான்."

"அதான்! அதான் எங்க கேசு!" என்று கதீஜா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"அப்பக் கவலைய விடுங்க. பத்திரத்தக் குடுங்க" என்று வாங்கினார் ஐயா. முதல் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் நின்றார். நடை நின்றது. "மரகதம், கொஞ்சம் தண்ணி" என்றார்.

ஒரு டம்ளர் குடித்தார். படித்தார். இரண்டாவது டம்ளர். எனக்குள்ளே ஆயக்குடிக்காரரின் வெள்ளையடித்த மரங்கள் வரிசையாக வந்து நின்றன. மூன்றாவது டம்ளரில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஐயா மூன்று டம்ளர் குடித்து யாரும் பார்த்ததில்லை. அன்று நாலு குடித்தார்.

நான் மறைக்கவில்லை. காற்று, கொய்யா, ஒத்துப் பார்க்காதது எல்லாவற்றையும் அந்தத் தம்பதி எதிரிலேயே சொல்லிவிட்டேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். என்னால் ஒரு பெண் எட்டு மாதமாக முக்காட்டோடு தூங்கியிருக்கிறாள். ஐயா பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா அடிச்சிருக்கீங்க. ஒரு எழுத்துப் பிழை இல்ல" என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கதீஜாதான் என் கையைப் பிடித்தாள். "அக்கா, அப்ப அந்தத் தோப்புக்காரரு எங்க வீட்டு ஷரத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றாரு?" என்று கேட்டாள். மரத்துக்கு வெள்ளையடித்ததைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, கரீம் பயந்துபோய்த் தண்ணீர் கேட்டார். பானை காலி.

அன்று சாயங்காலமே ஐயா வேலாயுதத்தின் வீட்டுக்குப் போய், பக்கம் மாறிவிட்டது, தவறு என் ஆபீசுடையது, திருத்தல் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று கேட்டார். வேலாயுதம் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, இந்த மாதிரி ஒரு ஷரத்த இனி எந்த வக்கீல் எழுதுவான்? கையெழுத்துப் போட்டது போட்டதுதான். இதுல ஒரு எழுத்தக்கூட மாத்த விடமாட்டேன்" என்றாராம். ஐயா திரும்பி வந்து சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும்.

"மரகதம், ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டாராம். அப்ப அதே பக்கத்துல ஆறாவது ஷரத்த வாசிங்க."

வாசித்தேன். 'ஒரு பருவத்துக் காய்ப்பு முடிந்து, மரத்தில் காய் இல்லாத நிலையில், இரண்டாம் பார்ட்டி விரும்பினால் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்துக் கெடுவுக்கு முன்பே விட்டு நீங்கிக்கொள்ளலாம்.' தோப்புக் குத்தகையில் வழக்கமாகப் போடுவதுதான். காய்த்து ஓய்ந்த தோப்பை வைத்துக்கொண்டு யார் மாரடிப்பது?

"ஒரு பக்கத்துல தனக்குச் சாதகமான ஷரத்த மட்டும் புடிச்சுக்கிட்டு, பாதகமானத இல்லைன்னு சொல்ல முடியாதுங்க. சட்டம் விடாது" என்றார் ஐயா. "நாலாவது ஷரத்து என்ன சொல்லுது?"

"காய்ப்பு முழுவதும் இரண்டாம் பார்ட்டிக்கே சொந்தம்னு சொல்லுதுங்க."

"அப்புறம் என்ன? பறிக்கச் சொல்லுங்க."

பறித்தார்கள். இத்தனை நாள் வீட்டுக்காரர் மரமாயிற்றே என்று கதீஜா ஒரு காயைத் தொட்டதில்லை. இப்போது கரீம் கொக்கி போட்ட கம்போடு ஏறினார். பழம், செங்காய், காய் எதையும் விடவில்லை. வேலாயுதம் கீழே நின்று, "பிஞ்சை விடுங்கப்பா, பிஞ்சை விடுங்க!" என்று கத்தினார். கரீம் மேலேயிருந்து, "நாலாவது ஷரத்தைப் பாருங்கய்யா!" என்றார். அதற்கப்புறம் பத்து நாள் எங்கள் ஆபீசில் கொய்யாதான். உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுக்கொண்டு, ஐயா, நான், குமாஸ்தா, வந்து போன கட்சிக்காரர்கள், ஜப்தி செய்ய வரும் கோர்ட் ஆமீனா வரை தின்றோம். எனக்கு வயிறு கட்டிக்கொண்டது. செய்த பிழையைத் தின்று தீர்ப்பது என்றால் இதுதான்.

மரம் காலியானதும் நோட்டீஸ் போனது. வேலாயுதம் வேறு வக்கீல் வைத்துப் பதில் அனுப்பினார். மரத்தில் காய் இருக்கிறது, பருவம் முடியவில்லை, நோட்டீஸ் செல்லாது என்று பதில். ஐயா முன்சீப் கோர்ட்டில் தாவா போட்டார். மாடி வீட்டு வாடகை முறைப்படி முடிந்துவிட்டது என்று அறிவிக்கக் கேட்டு ஒன்று, இடத்தைப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்க ஒரு கமிஷனர் வேண்டும் என்று ஒரு மனு. பெருநாளுக்கு இன்னும் இருபது நாள்தான். முன்சீப் மனுவை இரண்டு தடவை படித்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, "கமிஷனர் போய் என்ன பார்க்கணும்? கொய்யாக்காயா?" என்றார். ஐயா முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. "காய் இருக்கா இல்லையான்னு மட்டும் பார்த்தாப் போதுங்க" என்றார்.

கமிஷனராக ஓர் இளம் வக்கீலைப் போட்டார்கள். அவருக்கு அதுதான் முதல் கமிஷன். உள்ளே அந்நிய ஆண்கள் முன் வராத கோஷாப் பெண் இருப்பதால் குறிப்பு எடுக்கப் பெண் டைப்பிஸ்ட் வேண்டும் என்று இருதரப்பும் சம்மதித்து என்னை அனுப்பினார்கள். ஊரில் வேறு பெண் டைப்பிஸ்ட் யார் இருந்தார்கள்?

அவர் முறை தவறவில்லை. இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்து, சொன்ன நேரத்துக்கு வந்து, முதலில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதச் சொன்னார். வாசல் எந்தத் திசை, படி எத்தனை, மரம் தரையிலிருந்து சுமார் எத்தனை அடி, தாழ்வாரத்துக்குள் எத்தனை கிளை. நாடாவைப் பிடித்து அளந்து படம் போட்டார். கதீஜா உள் அறைக் கதவிடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிய நின்றாள். அந்தக் கண்ணைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன். பார்த்தால் சிரித்துவிடுவேன்.

கமிஷனர் ஒவ்வொரு கிளையாகப் பார்த்தார். "முதல் கிளை, காய் இல்லை. எழுதுங்க. இரண்டாம் கிளை, பூ மட்டும், காய் இல்லை." நான் எழுதிக்கொண்டே வந்தேன். எட்டாவது கிளை வந்ததும் வேலாயுதம் தொண்டையைக் கனைத்தார். குடையை நீட்டி, "அங்கிட்டுப் பாருங்க சார். ஒசக்க. இலைக்குப் பின்னால" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. உச்சிக் கிளையில் பெரிதாக, பழுத்து மஞ்சளாக, ஒரு கொய்யா தொங்கியது. கதவிடுக்கிலிருந்த கண் மறைந்துவிட்டது. உள்ளே பொத்தென்று உட்காரும் சத்தம் கேட்டது. ஒரு காய். அந்த ஒன்றுக்காக அவள் இன்னும் ஒரு பருவம் காத்திருக்க வேண்டும், பேகம்பூர் வீடு போய்விடும், பிள்ளை இந்தத் தாழ்ப்பாளில்லாத வீட்டில்தான் பிறக்கும். இத்தனை நாள் தின்ற கொய்யாவெல்லாம் எனக்குத் தொண்டை வரை வந்தது.

"காய் ஒன்று காணப்படுகிறது" என்று சொல்ல ஆரம்பித்த கமிஷனர் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார். முக்காலியைப் போட்டு ஏறினார். "ஐயா, இது என்ன நூல்?"

"காத்துல விழுந்துறக் கூடாதுன்னு கட்டி வச்சிருக்கேன்" என்றார் வேலாயுதம்.

அந்த நேரத்தில் கீழே முற்றத்திலிருந்து அவர் மனைவியின் குரல், ஊருக்கே கேட்கிற மாதிரி வந்தது. "என்னங்க! நேத்துச் சந்தைல ரெண்டு கொய்யா வாங்கியாந்தேனே, அதுல ஒண்ணக் காணமே, பாத்தீங்களா?"

கமிஷனர் மெதுவாக நூலை அவிழ்த்தார். கொய்யா அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. காம்பு காய்ந்து, கிளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. அவர் முக்காலியில் நின்றபடியே, குரல் நடுங்காமல் சொல்லப் பார்த்தார். "எழுதுங்க. எட்டாம் கிளையில், நூலால் கட்டப்பட்ட நிலையில், சந்தையில் வாங்கிய..." அதற்கு மேல் முடியவில்லை. அவர் தோளும் குலுங்கியது. உள்ளேயிருந்து கதீஜா கெக்கெக்கே என்று சிரித்தாள். நான் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டேன். பென்சில் உருண்டு மாடிப்படியில் போய்விட்டது. அந்த அம்மாள் தெரிந்து கேட்டாரா தெரியாமல் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் மூன்று வேளையும் மாடியேறும் புருஷனை வைத்துக்கொண்டு எந்தப் பெண்தான் பொறுப்பாள்?

வேலாயுதம் மட்டும் சிரிக்கவில்லை. கமிஷனர் இறங்கியதும் அந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். குடையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "சர்வீஸ்ல ஒரு பொய்க்கணக்கு எழுதுனதில்ல சார். இவுங்க போயிட்டா, காலைல எந்திரிச்சு நா எதைப் போய்ப் பாக்குறது?"

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்மேல் இருந்த ஆத்திரமும் கொஞ்சம் கரைந்தது. ஆனால் முழுக்கக் கரையவில்லை, உள்ளே ஒருத்தி பத்து மாதம் முக்காட்டோடு தூங்கியிருக்கிறாள் அல்லவா? கதீஜா அறைக்குள்ளிருந்தே பதில் சொன்னாள். "மரம் உங்களுதுதானே மாமா. நாங்க போனப்புறம் நாள் பூரா பாருங்க. நா கீழ நின்னு கேட்டா ரெண்டு பழம் மட்டும் குடுங்க." மனிதர் தலையை ஆட்டினார்.

அடுத்த வாய்தாவில் கமிஷனர் ரிப்போர்ட் வாசிக்கப்பட்டது. நூல் வந்த இடத்தில் முன்சீப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாதம் எதுவும் தேவைப்படவில்லை. வேலாயுதமே எழுந்து, தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அன்றே உத்தரவு. பெருநாளுக்கு ஐந்து நாள் முன்னால் அவர்கள் பேகம்பூருக்குக் குடிபோனார்கள்.

உத்தரவின் சர்டிபைடு நகல் வந்ததும் நானே கொண்டுபோனேன். இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தடவை ஒத்துப் பார்த்திருந்தேன். உச்சி வெயில். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே ஏதோ தாளிக்கிற வாசனை வந்தது, பதில் வரவில்லை. மறுபடி தட்டினேன்.

"யாரு?" என்றது கதீஜாவின் குரல்.

"நாந்தாம்மா, மரகதம். நகல் கொண்டாந்திருக்கேன்."

அப்போதும் கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம் கேட்டது. திறக்கிறாள் என்று நினைத்தேன். மறுபடி தள்ளிப் போட்டாள். இழுத்தாள், போட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது.

"வெயிலு மண்டையப் பொளக்குதுடீ, தெற" என்றேன்.

"செத்த நேரம் நில்லுங்கக்கா" என்றாள். "யாரையாச்சும் வெளிய நிக்க வச்சு எம்புட்டு நாளாச்சு!"

நான் நகலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அந்தத் தெருவில், அவள் ஆசை தீரும்வரை நின்றேன்.